மறுபாதி சொல்லும் குரல்

பக்கவாதம் வந்து என் மனைவியின் பேச்சு போன பிறகு, ஒருநாள் மாலை எங்கள் வீட்டில் அவளுடைய குரல் கேட்டது. சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். நான் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து வாசல் கதவு வரைக்கும் போய்விட்டேன்.

நான் ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவன். ஓய்வுக்குப் பிறகு ஸ்ரீரங்கத்தில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் வீடு வாங்கினேன். தண்ணீர் நன்றாக இருக்கும் என்பது ஒன்றுதான் காரணம். வேறு இடமே கிடைக்காமல் பெருமாள் ஊரிலா போய்க் குடியேறினாய் என்று பாலக்கரையில் இருக்கும் சொந்தக்காரர்கள் கேலி செய்தார்கள். ஆனால் ஆடி மாதம் ஆற்றில் தண்ணீர் வந்ததும் குடும்பம் குடும்பமாக வந்து, குளித்துவிட்டு எங்கள் வீட்டில்தான் சாப்பிட்டுப் போவார்கள்.

நான் கிறிஸ்தவன்தான், ஆனால் பக்திமான் என்று சொல்லிக்கொள்ள முடியாது. ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போவேன். பிரசங்கம் நீண்டால் தியானம் செய்கிற பாவனையில் தூங்கிவிடுவேன். வீட்டில் ஜெபம் என்பது அவளுடைய இலாகா. விளக்கு வைக்கிற நேரத்தில் ஜெபமாலையை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள். மாலையில் உள்ள ஒவ்வொரு மணிக்கும் அருள் நிறைந்த மரியே ஜெபத்தின் முதல் பாதியை ஒருவர் சொல்ல வேண்டும், மறுபாதியை மற்றவர்கள் சொல்லி முடிக்க வேண்டும். எங்கள் வீட்டில் முன்னால் சொல்வது எப்போதும் அவள்தான். நானும் மகளும் பதில் சொல்வோம். மகள் கல்யாணமாகிச் சென்னைக்குப் போன பிறகு பதில் சொல்ல நான் மட்டும்தான்.

என் மனைவிக்குப் பக்கவாதம் வந்தது காலை நேரத்தில். குக்கர் விசில் அடித்துக்கொண்டே இருக்கிறதே என்று எட்டிப் பார்த்தேன். அடுப்பைப் பார்த்தபடி நின்றிருந்தாள். வாய் ஒரு பக்கமாகக் கோணியிருந்தது. தில்லை நகரில் ஓர் ஆஸ்பத்திரியில் சேர்த்து உயிரைக் காப்பாற்றினார்கள். வீட்டுக்குக் கூட்டிவந்தபோது வலது கைக்கும் காலுக்கும் அசைவு இல்லை, பேச்சும் இல்லை. அதைவிட அவளுடைய கண்கள்தான் என்னை வதைத்தன. பீரோவைப் பார்க்கிற மாதிரி என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வை என் மேல் நிற்காமல் அப்படியே சுவருக்குப் போய்விடும்.

மகள் போனில் அழுதாள், பிறகு நிதானமாகப் பேசினாள். அவள் வீட்டுக்குப் பக்கத்தில் இப்படிப்பட்டவர்களை வைத்துப் பார்த்துக்கொள்கிற இல்லம் இருக்கிறதாம். எனக்கோ முட்டிவலி, அம்மாவைத் தூக்கி உட்காரவைக்க என்னால் எத்தனை நாளைக்கு முடியும் என்று கேட்டாள். கடைசியில் மெதுவாகச் சொன்னாள்: "அவங்களுக்கு நீங்க யாருன்னே தெரியலப்பா. அப்புறம் எங்க இருந்தா என்ன?"

என் மனைவிக்கு என்னைத் தெரியும் என்று ஏதாவது ஓர் அடையாளம் கிடைத்தால் யார் சொன்னாலும் அனுப்ப மாட்டேன். தெரியாது என்றால் எதைச் சொல்லி நிறுத்திவைப்பது? முழங்கால் வலியோடு மல்லுக்கு நிற்பதற்கும் ஒரு நியாயம் வேண்டும் அல்லவா. கடவுளிடம் பெரிதாக எதையும் கேட்கவில்லை. அவள் நடக்க வேண்டும், பேச வேண்டும் என்றெல்லாம் பேராசைப்படவில்லை. ஒரே ஒரு வார்த்தை, எனக்காக. அவ்வளவுதான் கேட்டேன்.

அந்த மாலையும் எந்த நம்பிக்கையோடும் ஆரம்பிக்கவில்லை. இருட்டுகிற நேரத்தில் அவள் இடது கை போர்வையைப் பிறாண்டிக்கொண்டே இருக்கும். பிடித்துக்கொள்ள ஏதாவது இருக்கட்டும் என்று ஜெபமாலையை அந்தக் கையில் வைத்தேன். வைத்த பிறகு சும்மா இருப்பானேன் என்று முதல் பாதியை முணுமுணுத்தேன்.

மறுபாதி வந்தது. ஒரு சொல்கூடக் குழறாமல், நிறுத்தி நிதானமாக, "எங்கள் மரண வேளையிலும்" என்று தெளிவாகச் சொல்லி, ஆமென் போட்டு முடித்தது. அது கல்யாணமான புதிதில் நான் கேட்ட குரல். கோணிய வாய் அந்த நேரத்துக்கு நேராகிவிட்டது. ஆமென் முடிந்ததும் மறுபடி தொங்கியது. கண்கள் மட்டும் அசையவே இல்லை. அப்போதுதான் நான் கதவு வரைக்கும் போனேன்.

திரும்பி வந்து உட்கார எனக்குக் கொஞ்ச நேரம் ஆனது. மறுபடியும் முதல் பாதியைச் சொன்னேன். மறுபடியும் பதில் வந்தது. குரல் அவளிடமிருந்துதான் வருகிறதா, அவளுக்குப் பின்னால் இருந்து வருகிறதா என்று சந்தேகமாக இருந்ததால், கையை நீட்டி அவள் தொண்டையில் வைத்துப் பார்த்தேன். தொண்டை அதிர்ந்தது. "என்னைத் தெரியுதா?" என்று கேட்டேன். ஒன்றும் இல்லை. பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன். அதற்கும் ஒன்றும் இல்லை.

தில்லை நகரில் பேச்சுப் பயிற்சி தருகிற பெண்ணிடம் இதைச் சொன்னபோது அவர் ஆச்சரியப்படவே இல்லை. பேச்சு போனவர்களுக்கும் மனப்பாடமான பாட்டும் ஜெபமும் எண்ணிக்கையும் மிஞ்சியிருப்பது உண்டாம். "டேப் ஓடற மாதிரி சார். தானா வருது. அவங்க நினைச்சுச் சொல்றாங்கன்னு எடுத்துக்காதீங்க," என்றார். நல்ல பெண்தான், பொய் ஆசை காட்டக் கூடாது என்று நினைத்தார். எனக்கு அவர் மேல் கோபம் கோபமாக வந்தது.

டேப்போ என்னவோ, அது அவள் குரல். அதைக் கேட்க வேண்டுமானால் நான் ஜெபம் சொல்லியாக வேண்டும். வேறு வழியே இல்லை. ஆகவே தினமும் சொன்னேன். எங்கள் மாதா கோயில் சாமியார் கேட்டால் பூரித்துப்போயிருப்பார். உண்மையில் நான் மாதாவோடு பேசவே இல்லை, என் பெண்டாட்டியைப் பேசவைத்துக்கொண்டிருந்தேன்.

எதிர் வீட்டு மாமி ஒருநாள் படிக்கட்டில் என்னை நிறுத்தி, இவளுக்குப் பேச்சு திரும்பிவிட்டதா என்று விசாரித்தார். ஜெபம் மட்டும் சொல்கிறாள், அதுவும் நான் சொன்னால்தான் என்றேன். மாமி கொஞ்சம் யோசித்தார்.

"மத்தியானம் நீங்க கதவைப் பூட்டிண்டு மருந்துக் கடைக்குப் போயிருந்தேளே, அப்பவும் கேட்டுதே. கொஞ்சம் சொல்றா, நிறுத்தறா. திரும்பச் சொல்றா. எதிர்ல ஒருத்தர் உக்காந்து பதில் சொல்றதுக்காக நிறுத்தற மாதிரின்னா இருந்தது."

நான் ஏதோ சொல்லிச் சமாளித்துவிட்டு வந்தேன். உள்ளே அவள் எப்போதும்போலச் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு எதிரில் இருந்த நாற்காலி காலியாக இருந்தது. காலியாக இல்லாமல் வேறெப்படி இருக்கும்? இருந்தாலும் அன்று அதில் உட்கார எனக்கு மனம் வரவில்லை. கட்டிலில் உட்கார்ந்து ஜெபம் சொன்னேன்.

சில நாட்கள் கழித்து ஒரு மாலை, குரல் வரவில்லை.

ஜெபமாலையில் பத்துப் பத்து மணிக்கு ஒருமுறை இயேசுவின் வாழ்க்கையில் நடந்த ஒரு சம்பவத்தைச் சொல்லி ஆரம்பிப்போம். அதைத் தேவ ரகசியம் என்போம். சந்தோஷம், துக்கம், மகிமை என்று அதில் வகைகள் உண்டு. இந்தக் கிழமைக்கு இது என்று கணக்கு. அன்று சந்தோஷ தேவ ரகசியத்தைச் சொல்லி முதல் பாதியைச் சொன்னேன். பதில் இல்லை. இன்னொரு தரம் சொன்னேன். கோயில் பக்கமிருந்து மேளச் சத்தம் லேசாகக் கேட்டது, வீட்டுக்குள் ஒரு சத்தமும் இல்லை. அவள் மூக்கருகே விரலை வைத்துப் பார்த்தேன். மூச்சு வந்தது. சரி, இருந்த ஒன்றும் போய்விட்டது என்று அப்படியே தலையில் கை வைத்து உட்கார்ந்தேன்.

பிறகுதான் சுவரில் இருந்த காலண்டர் கண்ணில் பட்டது. திங்கட்கிழமைத் தாளை இன்னும் கிழிக்கவில்லை. நான் திங்கட்கிழமை என்று நினைத்துக்கொண்டிருந்தேன், அன்று செவ்வாய். செவ்வாய்க்குத் துக்க தேவ ரகசியம். மாற்றிச் சொல்லி ஆரம்பித்தேன். அந்தக் குரல் உடனே வந்துவிட்டது, இவ்வளவு நேரம் இதற்காகத்தான் காத்திருந்தேன் என்பதுபோல.

பகலா இரவா என்றே தெரியாதவள் என்று டாக்டர்கள் சொன்ன பெண்ணுக்குக் கிழமை தெரிந்திருக்கிறது. டேப்புக்குச் செவ்வாய்க்கிழமை தெரியுமா? அன்று இரவே மகளுக்குப் போன் போட்டுச் சொன்னேன். அவள் நம்பவில்லை, தற்செயலாக இருக்கும் என்றாள். எப்படியும் வெள்ளிக்கிழமை வருவதாக இருந்தாள், அம்மாவைக் கூட்டிப்போவது பற்றிப் பேசி முடிக்க. வா, உன் கண் முன்னால் காட்டுகிறேன் என்று சொன்னேன்.

வெள்ளிக்கிழமையும் துக்க தேவ ரகசியம்தான். நான் வேண்டுமென்றே சந்தோஷத்தைச் சொல்வது, அவள் வாயைத் திறக்க மாட்டாள். பிறகு துக்கத்தைச் சொல்வது, அவள் பதில் சொல்வாள். மகள் வாயடைத்துப்போவாள். இதுதான் என் திட்டம்.

மாலை மூன்று பேரும் உட்கார்ந்தோம். நான் தவறானதைச் சொல்லி முதல் பாதியைச் சொன்னேன். பதில் இல்லை. மகளைப் பார்த்தேன். அவள் இரக்கத்தோடு என்னைப் பார்த்தாள். மறுபடியும் தவறாகவே சொன்னேன். பதில் இல்லை. சரி, இப்போது மாற்றிச் சொல்லலாம் என்று நான் வாயைத் திறப்பதற்குள் அந்தக் குரல் ஆரம்பித்துவிட்டது. அது சொன்னது மறுபாதியை அல்ல. துக்க தேவ ரகசியத்தைத் தானாகவே சொல்லி, முதல் பாதியைச் சொன்னது. சொல்லிவிட்டு நிறுத்தியது.

மகள் என் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள். குரல் அதே முதல் பாதியை இன்னொரு தரம் சொல்லி நிறுத்தியது. கண்கள் எனக்கு நேர் எதிரில் இருந்தன, ஆனால் என்னைப் பார்க்கவில்லை. பதில் வராமல் அது அடுத்த மணிக்குப் போகாது என்று எனக்குப் புரிந்தது. நான் மறுபாதியைச் சொன்னேன். அவளுடைய இடது கட்டைவிரல் ஒரு மணியைத் தள்ளியது.

அப்படியே கடைசி மணி வரைக்கும் அவள்தான் சொன்னாள். மகளும் அழுதுகொண்டே என்னோடு சேர்ந்து பதில் சொன்னாள். ஜெபமாலை முடிந்ததும் எங்கள் குடும்பத்தில் இறந்துபோனவர்களுக்காக ஆளுக்கொரு பரலோக மந்திரம், அதாவது 'பரலோகத்தில் இருக்கிற எங்கள் பிதாவே' ஜெபம், சொல்வது வழக்கம். அதையும் அவள் விடவில்லை.

"எங்க அப்பா ஆத்துமாவுக்காக," என்றாள். சொன்னோம். "எங்க அம்மா ஆத்துமாவுக்காக." சொன்னோம். என் அப்பா, என் அம்மா, வரிசை தவறவில்லை. அத்தோடு முடிந்தது என்று நான் சிலுவை போடக் கையை நெற்றிக்குக் கொண்டுபோனேன்.

"எங்க வீட்டுக்காரர் ஆத்துமாவுக்காக," என்றாள்.

கை நெற்றியிலேயே நின்றுவிட்டது. இத்தனை நாளும் நான் இவளைத் தொலைத்துவிட்டதாக நினைத்துக்கொண்டிருந்தேன். இவள் என்னை அடக்கம் செய்தே முடித்துவிட்டாள். கஞ்சி ஊட்டுகிறவனும் துணி மாற்றுகிறவனும் அவளுக்கு யாரோ ஓர் ஆள். அந்த ஆளோடு சேர்ந்து, செத்துப்போன புருஷனுக்காக வேண்டிக்கொண்டிருந்திருக்கிறாள். முதுகெல்லாம் சில்லிட்டது. வெட்கத்தைவிட்டுச் சொல்கிறேன், சந்தோஷமாகவும் இருந்தது. அவள் என்னை மறக்கவில்லை.

மகள் என் காதருகே குனிந்து, "நான் உயிரோடதான் இருக்கேன்னு சொல்லுங்கப்பா," என்றாள்.

சொல்லியிருக்கலாம். சொன்னால் அந்தக் குரல் நின்றுபோகுமோ என்று பயமாக இருந்தது. அவள் பரலோக மந்திரத்தின் முதல் பாதியைச் சொல்லி முடித்துவிட்டு, பதிலுக்காகக் காத்திருந்தாள். நான் அந்த மறுபாதியைத்தான் சொன்னேன்.

மகள் ஞாயிற்றுக்கிழமை தனியாகத்தான் ஊருக்குப் போனாள். கூட்டிப்போவது பற்றி அவளும் பேசவில்லை, நானும் பேசவில்லை. இங்கே விளக்கு வைத்ததும் என் மனைவி ஆரம்பித்துவிடுகிறாள். எல்லாரையும் வரிசையாக முடித்துவிட்டுக் கடைசியில் என்னிடம் வருகிறாள். என் ஆத்துமா இளைப்பாற வேண்டும் என்று அவள் வேண்டுகிறாள், நான் ஆமென் சொல்கிறேன்.