சூடு காட்டாத முள்ளு

எங்க ஊட்டுக்காரரு பேரு துலுக்கானம். புருஷன் பேரை வாயால சொல்லக்கூடாதுன்னு எங்க மாமியாரு சொல்லும். சொன்னா இன்னா, ஆயுசா கொறைஞ்சிடும்? அவரு அப்பாரு கள்ளிக்குப்பத்துல கூலிக்கு ஏர் ஓட்டுனவரு. அந்தக் குடும்பத்துல மொதமொதல்ல பேன்ட்டு மாட்டிக்கினு கம்பெனிக்குப் போனது இவருதான். அம்பத்தூர் எஸ்டேட்ல பதினெட்டு வருசம் பைப் ஃபிட்டரு. அதுல எனக்கும் கொஞ்சம் திமிரு இருந்துச்சு, இல்லேன்னு சொல்ல மாட்டேன்.

அவரு கை வெச்ச எடத்துல ஒரு சொட்டு தண்ணி ஒழுவாது. பைப்பு மரையில வெள்ளை டேப்பு சுத்துவாரு பாரு, நான் தலைக்குப் பூ வெக்கக்கூட அவ்வளோ நேரம் எடுத்துக்க மாட்டேன். டேப்பு சுத்தாம ஒரு மரையை முடுக்கி நான் பாத்ததே இல்ல. லுங்கி மடிப்புல எப்பவும் ஒரு டேப்பு உருண்டை இருக்கும்.

தொண்ணூத்தி ஒண்ணுல கம்பெனிய இழுத்து மூடிட்டாங்க. அன்னிக்கு சாயந்தரம் வந்து செவுத்தப் பாத்துப் படுத்தாரு. ஏழு மாசம் அப்படியே. சண்டை போட்டேன், அழுதேன், சாமி கும்பிட்டேன். திரும்பிப் படுக்கல. கொல்லையில கொழாய் சொட்டிக்கினே இருக்கு, அந்தச் சத்தம் அவரு காதுலயும் உழுது, எழுந்திருக்கல. அப்பதான் இந்த ஆளு போயிடுவாருன்னு நெனைச்சேன்.

கம்பெனி கடைசியா குடுத்த பணம், என் கழுத்துல கெடந்தது, எல்லாம் சேந்து ஒரு பழைய பிக்கப் வண்டியா வாசல்ல வந்து நின்னுது. விடியக்காத்தால குத்தம்பாக்கம் தோட்டத்துலேர்ந்து கத்திரிக்காயும் கீரையும் ஏத்திக்கினு அம்பத்தூர் மார்க்கெட்ல எறக்கணும். மனுஷன் எழுந்து ஒக்காந்துட்டாரு. சேவிங் பண்ணிக்கினாரு. கொழாயைக்கூட அவரே சரி பண்ணாரு. வண்டி ஓடுனா இவரு ஓடுவாரு, அது படுத்தா இவரும் படுத்துடுவாரு. எனக்கு இருந்த பயம் அது ஒண்ணுதான். ஒவ்வொரு நாளும் வண்டி சத்தம் தெருமொனையில கேக்கற வரைக்கும் எனக்கு சோறு எறங்காது.

தொண்ணூத்தி மூணு சித்திரையில ஆரம்பிச்சுது கோளாறு. சாவியைத் திருப்புன ஒடனே சூடு காட்டற முள்ளு செவப்புல போய் ஒட்டிக்கும். இஞ்சின் ஜில்லுன்னு கீது, முள்ளு மட்டும் கொதிக்குதுன்னுது. இவரு மைலுக்கு ஒருதரம் எறங்கி, காச்சக்காரக் கொழந்தை நெத்தியைத் தொடற மாதிரி பானட்டைத் தொட்டுப் பாத்துக்கினே போனாரு. மார்க்கெட் போய்ச் சேரும்போது கீரை வாடிப்போச்சு. கடைக்காரரு திருவேங்கடம் வேற வண்டி பாக்கறேன்னு சொல்லிட்டாரு. இஞ்சின்ல சென்சார்னு ஒண்ணு கீதாம், தண்ணி சூட்டைப் பாத்து முள்ளுக்கு சொல்றது, அதான் போயிடுச்சுன்னு ஒரு டிரைவரு சொன்னாராம். மரையில முடுக்கற சாமான்தானே, இதுக்குப் போய் எனக்கே மெக்கானிக் கடையா, நானே மாட்டுறேன்னு புதுசு ஒண்ணு வாங்கிக்கினு வந்துட்டாரு.

ஞாயித்துக்கெழமை காலையில வாசல்லயே ஒக்காந்தாரு. நான் கீழ பேசினைப் புடிச்சேன். தண்ணியை வடிச்சு, பழசைக் கழட்டி, புதுசுக்கு டேப்பு சுத்துனாரு. பத்து சுத்து. முடுக்கி, அதுக்கு வர்ற ஒத்தை ஒயரை மாட்டி, ஸ்டார்ட் பண்ணா முள்ளு அடியில சமத்தாப் படுத்துக்கிச்சு. ரெண்டு வாரத்துல அப்பதான் சிரிச்சாரு.

எனக்கு மனசு சரியில்ல. பூந்தமல்லி வரைக்கும் ஒரு ரவுண்டு போய் வந்தோம். பானட்டு சுடுது, முள்ளு இம்மியும் அசையல. அடுப்புல வெச்ச சட்டி சூடாவாம இருக்குமான்னு கேட்டேன். நீ போய் சோத்தைப் பாருன்னுட்டாரு. இன்னொரு தரம் கேட்டிருக்கணும். சிரிச்ச மூஞ்சியைக் கெடுக்க வேணாம்னு வாயை மூடிக்கினேன். நானு, வாயை மூடிக்கினேன். அதை நெனைச்சா இன்னிக்கும் என்னையே செருப்பால அடிச்சிக்கலாம்னு வருது.

புதன்கெழமை குத்தம்பாக்கம் தாண்டி இஞ்சினுக்குத் தண்ணியைச் சுத்தி உடற பெல்ட்டு அறுந்துடுச்சு. இஞ்சின் கொதிக்குது, முள்ளு அடியிலயே கெடக்குது. கருவுன வாடை வந்து, பொகை கெளம்பின பொறவுதான் நிறுத்திக்கினாரு. இன்னும் ஒரு மைல் போயிருந்தா இஞ்சின் ஜாமாயிருக்கும்னு அங்க கீற மெக்கானிக் சொன்னானாம். புது பெல்ட்டு போட்டுக்கினு மத்தியானம் வந்தாரு. நேரா உள்ள போய் செவுத்தப் பாத்துப் படுத்துட்டாரு.

சாப்பிடறியான்னு கேட்டேன்.

"முள்ளை நம்பித்தானே போனேன்," செவுத்துக்கிட்டதான் சொன்னாரு. "இனிமே அந்த வண்டிய தொட மாட்டேன்."

வியாழக்கெழமை எழுந்திருக்கல. வெள்ளிக்கெழமையும் இல்ல. ஏழு மாசமும் என் கண்ணு முன்னால வந்து நின்னுச்சு. நான் ஸ்பேனரை எடுத்தேன். சென்சாரைக் கழட்டும்போது தண்ணி பூரா என் பொடவையில. அதைக் கைக்குட்டையில முடிஞ்சிக்கினு பஸ் ஏறி, வண்டிக்கு ஒயர் வேலை பாக்கற கலியமூர்த்தி கடைக்குப் போனேன்.

அந்தாளு பாத்துட்டு சிரிக்கறான். எந்த கொழாய்க்காரன் மாட்னதுன்னு கேட்டான்.

"எங்க ஊட்டுக்காரரு மாட்னது. பதினெட்டு வருசம் அவரு கையில ஒரு சொட்டு ஒழுவல. சிரிக்காம சொல்லு."

சிரிப்பை நிறுத்திட்டான். "இதுக்கு ஒரு ஒயருதான் வருது, பாத்தியாக்கா? ரெண்டாவது ஒயரு இதோட ஒடம்புதான். மரை இஞ்சின் இரும்புல படணும். டேப்பு நடுவுல கீது, கரன்ட்டு எப்டி போவும்?" டேப்பை உரிச்சுப் போட்டு, ஒரு செம்பு வாஷர் குடுத்தான். இது போட்டா ஒழுவாதுன்னான்.

பஸ்ல ஒக்காந்து யோசிச்சேன். சாமானே கோளாறு, வேற மாத்திக்கினு வந்தேன்னு சொல்லிடலாமா? அந்த மனுஷனுக்கு மிச்சம் கெடந்த மரியாதை அந்த டேப்புதான். அதையும் நான் புடுங்கறதா? அப்புறம் எனக்கே கோவம் வந்துடுச்சு. முள்ளு சொன்ன பொய்யே போதும், நான் வேற சொல்லணுமா? ஊட்டுக்கு வந்து அவரு முதுகைப் பாத்து நடந்ததைச் சொன்னேன். முதுகு அசையல.

வாசலுக்கு வந்து நானே மாட்ட ஆரம்பிச்சேன். மரை கோணலாப் புடிக்குது, ஸ்பேனரு வழுக்கி ரெண்டு தரம் கீழ உழுந்துச்சு. உள்ளேர்ந்து கொரலு வந்துச்சு.

"மரை பிச்சிக்கும்மே. மொதல்ல கையால திருப்பு."

"எட்டல. நீ வந்து திருப்பு."

எட்டுச்சு. நல்லாவே எட்டுச்சு.

ரொம்ப நேரம் கழிச்சு லுங்கியை மடிச்சுக் கட்டிக்கினு வந்து நின்னாரு. என் கையிலேர்ந்து சென்சாரை வாங்கிப் பாத்தாரு. அவரு கை தானா லுங்கி மடிப்புக்குப் போச்சு. பாதியில நின்னுச்சு. என்னைப் பாத்தாரு. நான் ஒண்ணும் பேசல, என் பொறவியில அவ்வளோ கஷ்டப்பட்டு நான் பேசாம இருந்ததே இல்ல. வாஷரைப் போட்டு, வெறும் மரையைக் கையால திருப்பி, ஸ்பேனரால முடுக்குனாரு.

தண்ணி ஊத்தி, ஒயரு மாட்டி, ஸ்டார்ட் பண்ணாரு. ரெண்டு பேரும் சீட்டுல ஒக்காந்து அந்த முள்ளையே பாக்கறோம். அசையல. அப்புறம் எறும்பு ஊர்ற மாதிரி மேல ஏறுச்சு. நடுவுல வந்து நின்னுச்சு. அவரு எறங்கிப் போய் சென்சார் அடியில வெரலை வெச்சுத் தடவிப் பாத்தாரு. ஈரம் இல்ல.

"நாலரைக்கு எழுப்பு," அப்டின்னாரு. "திருவேங்கடம் வேற ஆளு புடிச்சிடப் போறாரு."

அன்னிக்குப் படுத்தவதான் நானு, ரெண்டு வருசத் தூக்கத்தையும் சேத்துத் தூங்கிட்டேன். நாலரைக்கு அவருதான் என்னை எழுப்புனாரு.