பை உட்கார்ந்திருக்கு

எழுநூற்று நாற்பது பிள்ளைகள், அறுபத்திரண்டு ஊழியர்கள், ஒரே ஒரு நர்ஸ். அந்தப் பள்ளியின் கணக்கு அவ்வளவுதான். அந்த ஒருத்தருக்கு வயது ஐம்பத்து மூன்று. இடது முழங்காலில் வலி. கை கழுவிக் கழுவியே விரல் இடுக்கெல்லாம் வெடிப்பு. ஆசிரியர்கள் அவரை "சிஸ்டர்" என்பார்கள், பிள்ளைகள் "நர்ஸ் மிஸ்" என்பார்கள். முதுகுக்குப் பின்னால் அவருக்கு இன்னொரு பெயரும் உண்டு: "பூட்டு".

பெயர் வைத்தவர் ஓவிய மாஸ்டர். ஒரு வருடம் பள்ளி முழுக்கக் கண்வலி பரவியபோது, "எந்த வகுப்புலேர்ந்து சிஸ்டர் ஆரம்பிச்சது?" என்று கேட்டார். "கண்ணுலேர்ந்துதான் சார்" என்று சொல்லிவிட்டுச் சொட்டு மருந்தை எடுத்துக்கொண்டு போய்விட்டார் சிஸ்டர். அன்றிலிருந்து பூட்டு.

வீட்டிலும் அப்படித்தான். கணவர் லிஃப்ட் மெக்கானிக். "இவகிட்ட சொன்னது கிணத்துல போட்ட கல்லு. எட்டிப் பார்த்தாலும் தெரியாது" என்பார். மாடியில் குடியிருக்கும் நாத்தனாருக்கு இதில் தீராத மனக்குறை. அவளுடைய மகள் அதே பள்ளியில் நான்காம் வகுப்பு. பள்ளியில் வேலை செய்கிற அண்ணி இருந்தும் எல்லாச் செய்தியும் வேன் டிரைவர் மூலமாகத்தான் அவளுக்கு வருகிறது.

இந்தப் பூட்டுக்கு ஒரு தொழில் ரகசியம் இருந்தது. ஒரு பிள்ளையைப் பாதி நாளில் வீட்டுக்கு அனுப்பினால், ஆயா வகுப்புக்குப் போய்ப் பையை எடுத்து வருவது வழக்கம். சிக் ரூமுக்கு வரும் வராந்தா ஸ்டாஃப் ரூம் வாசலைத் தொட்டுக்கொண்டு போகிறது. பை கடந்து போனால் உள்ளே எல்லாத் தலையும் திரும்பும். தலைவலி, வயிற்றுவலி என்றால் பரவாயில்லை. பேன், சொறி, மஞ்சள் காமாலை என்று நாலு பேர் வாயில் விழக்கூடாத சங்கதி என்றால் சிஸ்டர் பையை நகர்த்த விடமாட்டார். பை பெஞ்சிலேயே இருக்கும். பள்ளி விட்டு எல்லோரும் போன பிறகு ஆயா அதைப் பின்வாசலில் கொண்டுபோய்ப் பெற்றவர்களிடம் கொடுப்பாள். பை வகுப்பில் இருந்தால் பிள்ளையும் எங்கேயோ பக்கத்தில் இருப்பதாகத்தானே நினைப்பார்கள்? பல வருடமாக அவர் அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தார்.

அந்த வியாழக்கிழமை காலை, மூன்றாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி கழுத்தைச் சொறிந்துகொண்டே வந்து நின்றாள். உடம்பு கதகதவென்று இருந்தது. காது மடலுக்குப் பின்னால் பனித்துளி போல நீர் கோத்த கொப்புளம் ஒன்று. சட்டையைத் தூக்கிப் பார்த்தால் வயிற்றில் இன்னும் நாலைந்து. சின்னம்மை. சிஸ்டர் பெருமூச்சு விட்டார். திரைக்குப் பின்னால் இருந்த கட்டிலில் அவளைப் படுக்க வைத்து, ஜன்னலைத் திறந்துவிட்டு, தாய்க்குப் போன் செய்தார்.

தையல் கம்பெனியிலிருந்து நூல் ஒட்டிய சேலையோடு ஓடி வந்தாள் தாய்.

"பயப்படாதீங்க. எல்லாக் கொப்புளமும் காய்ஞ்சு பக்கு ஆனதும் ஸ்கூலுக்கு வரலாம்."

"எனக்கு நோய் பயம் இல்ல சிஸ்டர். போன வருஷம் இவ தலையில பேன்னு எப்படியோ வெளிய தெரிஞ்சுபோச்சு. வேன்ல பக்கத்துல ஒருத்தரும் உட்காரல. பேன் வண்டின்னு பட்டப்பேரு வேற. தெனமும் அழுதுகிட்டேதான் வந்தா." அவள் குரலைத் தாழ்த்தினாள். "இந்தத் தடவையும் பேரு வெளிய வந்தா இவ படிப்பை விட்டுடுவா சிஸ்டர். எனக்கு என் பொண்ணைத் தெரியும்."

"என் வாயிலேர்ந்து வராது."

திரைக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது. "நர்ஸ் மிஸ், என் பை?"

"பை இருக்கட்டும் கண்ணு. சாயந்திரம் வரும்."

தாயும் மகளும் பின்வாசல் வழியாகப் போன பிறகுதான் சிஸ்டர் நாற்காலியில் உட்கார்ந்தார். உட்கார்ந்ததும் அடுத்தது நினைவுக்கு வந்தது. மூன்றாம் வகுப்பு டீச்சர்.

முந்தைய வாரம்தான் அந்த டீச்சர் சிக் ரூம் வாஷ்பேசினில் குனிந்து வாந்தியெடுத்தார். முகம் துடைத்துக்கொண்டு, "அக்கா, நாள் தள்ளிப் போயிருக்கு. ஏற்கெனவே ரெண்டு தடவை கலைஞ்சுபோச்சு. இது நிக்கிற வரைக்கும் எங்க அம்மாகிட்ட கூடச் சொல்றதா இல்ல" என்றார். மற்றவர்களுக்கு சிஸ்டர், அந்த டீச்சருக்கு மட்டும் அக்கா. சின்னம்மை கர்ப்பிணிக்கு ஆகாது. முன்பு வராதவர் என்றால் உடனே டாக்டரைப் பார்க்க வேண்டும். தாமதிக்கிற ஒவ்வொரு நாளும் ஆபத்து. கொப்புளம் தெரிவதற்கு முன்பே நோய் பரவத் தொடங்கிவிடும். டீச்சரோ இரண்டு நாளாக அந்தச் சிறுமியின் நோட்டின் மேல் குனிந்து கணக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்.

"உன் வகுப்பில் சின்னம்மை" என்று சொன்னால் போதும். ஆனால் அன்று மூன்றாம் வகுப்பில் காலியாக இருந்தது ஒரே ஒரு இடம். வகுப்பைச் சொல்வதும் பெயரைச் சொல்வதும் ஒன்று. கர்ப்பிணிகள் ஜாக்கிரதை என்று பலகையில் எழுதினாலோ, ஸ்டாஃப் ரூம் முழுக்க ஒருவர் வயிற்றை ஒருவர் பார்ப்பார்கள். இருதலைக்கொள்ளி எறும்பு என்று சும்மாவா சொன்னார்கள்?

முழங்காலைப் பிடித்துக்கொண்டு ஹெச்.எம். அறைக்கு மாடி ஏறினார். "சின்னம்மை கண்டறியப்பட்டுள்ளது. முன்பு வராத ஊழியர்கள் உடனே மருத்துவரை அணுகவும்" என்று எழுதிய தாளை நீட்டினார். பெயர் இல்லை, வகுப்பு இல்லை. ஹெச்.எம். படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"அடுத்த வாரம் அட்மிஷன் சிஸ்டர். இந்த வார்த்தையைப் போட்டா எனக்குத்தான் போன் வரும். காலையிலேர்ந்து ஏற்கெனவே காது சூடா இருக்கு."

"போடாட்டி வேற மாதிரி போன் வரும் மேடம்."

"கொஞ்சம் மாத்திப் போடலாம்."

மாற்றிப் போட்டார்கள். மதியம் ஸ்டாஃப் ரூம் பலகையில் ஒட்டப்பட்ட தாளில், "பருவகால உடல்நலக் குறைபாடு காரணமாக ஊழியர்கள் கவனமாக இருக்கவும்" என்று இருந்தது.

டீ குடிக்கிற சாக்கில் சிஸ்டர் அங்கே போய் நின்றார். டீச்சர் மூலையில் டிபன் பாக்ஸைத் திறந்து வைத்துக்கொண்டு சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தார். அவரைத் தனியாகக் கூப்பிட வேண்டும். கூப்பிட்டு என்ன சொல்வது என்றுதான் தெரியவில்லை.

பி.டி. மாஸ்டர் பலகையை உரக்கப் படித்தார். "பருவகாலம்னா எது, வெயிலா மழையா? குடை எடுத்துட்டு வரணுமா?"

"உங்களுக்கு எல்லாத்தையும் புட்டுப் புட்டு வைக்கணும் சார்" என்றார் ஓவிய மாஸ்டர், டீயை ஆற்றிக்கொண்டே. "மூணாம் வகுப்புல பை உட்கார்ந்திருக்கு. நான் இப்பதான் பார்த்துட்டு வந்தேன்."

"அப்படியா? யாரு பை?"

"பொம்மை தொங்குமே, மஞ்சள் பொம்மை, அந்தப் பை."

சிஸ்டர் வாய்க்குக் கொண்டுபோன டீயை இறக்கினார். "பை உட்கார்ந்திருக்குன்னா என்ன சார்?"

ஓவிய மாஸ்டர் அப்போதுதான் அவரைக் கவனித்தார். கொஞ்சம் நெளிந்தார். "அது வந்து சிஸ்டர்... தலைவலின்னா ஆயா பையை எடுத்துட்டுப் போவா. பிள்ளை போயி பை மட்டும் உட்கார்ந்திருந்தா, பெரிய சமாச்சாரம்னு அர்த்தம். எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே? போன வருஷம் பேன் கூட அப்படித்தான் தெரிஞ்சுது."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்த கதை. இத்தனை வருடமாக மறைக்க வேண்டிய பிள்ளையைத் தேடிப் பிடித்து, அது உட்காரும் இடத்தில் சிஸ்டரே கொடி நட்டு வைத்திருக்கிறார். பேன் விஷயம் வெளியே போனபோது ஆயாவைத்தான் சந்தேகப்பட்டு இரண்டு வாரம் முகம் கொடுத்துப் பேசாமல் இருந்தார்.

மூலையில் டிபன் பாக்ஸ் மூடும் சத்தம் கேட்டது. டீச்சர் எழுந்து வெளியே போனார். சிஸ்டர் டம்ளரை வைத்துவிட்டுப் பின்னால் போனார். தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் டீச்சர் நின்றுகொண்டிருந்தார். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"அக்கா, நான் யாருன்னு கேட்கல. என்னன்னு மட்டும் சொல்லுங்க."

காலையிலிருந்து வகுப்பு, பெயர், வயிறு என்று மூன்றையும் கட்டிக்கொண்டு அல்லாடிய சிஸ்டருக்கு, கேள்வி இவ்வளவு சின்னது என்று யாராவது முன்பே சொல்லியிருக்கலாமே என்று அலுப்பாக இருந்தது.

"ஸ்கூல்ல சின்னம்மை வந்திருக்கு. உனக்குச் சின்ன வயசுல வந்திருக்கா? ஊசி போட்டிருக்கா?"

"தெரியல அக்கா. அம்மாவைத்தான் கேட்கணும். கேட்டா எதுக்குன்னு கேட்பாங்க."

"கேட்க வேணாம். ரத்தத்துல பார்த்தா தெரிஞ்சுடும். இப்பவே டாக்டர்கிட்ட போ. வயித்துல இத்தனை வாரம், ரெண்டு நாளா அம்மைக்குப் பக்கத்துலயே இருந்தேன்னு ரெண்டையும் சொல்லு. எதிர்ப்பு சக்தி இல்லேன்னா அதுக்குன்னு ஊசி இருக்கு, சீக்கிரம் போட்டா பலன் உண்டு."

"ஹெச்.எம்.கிட்ட?"

"தலைவலின்னு நான் எழுதித் தர்றேன்." டீச்சர் நாலு எட்டு வைப்பதற்குள் மறுபடியும் கூப்பிட்டார். "ஏய், கைப்பையை எடுத்துட்டுப் போ. நாற்காலியில விட்டுட்டுப் போனா உனக்கும் சேர்த்துக் கதை கட்டிடுவாங்க."

அழுதுகொண்டிருந்த டீச்சருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஓவிய மாஸ்டர் பார்க்கும்படியாகவே பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வாசலைக் கடந்து போனார்.

சிஸ்டர் பலகைக்குப் போனார். நூலில் தொங்கிய பேனாவை எடுத்து, "பருவகால உடல்நலக் குறைபாடு" என்பதை அடித்துவிட்டு, மேலே "சின்னம்மை" என்று எழுதினார். கீழே, தன் தாளில் முதலில் எழுதியிருந்த "முன்பு வராத ஊழியர்கள் உடனே மருத்துவரை அணுகவும்" என்ற வரியையும் சேர்த்தார். பேனா பாதியில் எழுதாமல் நின்றது. உதறி மறுபடி எழுதினார்.

மூன்று மணிக்கு ஹெச்.எம். கூப்பிட்டனுப்பினார். "என்னைக் கேட்காம எழுதலாமா சிஸ்டர்?"

"நோயை எழுதினேன் மேடம். பிள்ளையை எழுதல. நோய் எல்லாருக்கும் பொது."

ஹெச்.எம். ஜன்னல் பக்கம் பார்த்தார். மேசையில் போன் அடித்துக்கொண்டிருந்தது. "யாரு கேட்டாலும் உங்ககிட்டதான் அனுப்புவேன்" என்றார்.

"அனுப்புங்க."

ஏழு பேர் வந்தார்கள். எல்லோருக்கும் ஒரே பதில், அதே குரலில். ஓவிய மாஸ்டரும் வந்தார். தனக்குச் சின்ன வயதில் வந்திருக்கிறது என்று நெற்றித் தழும்பைக் காட்டினார். "அந்தப் பொண்ணுக்குப் பரவாயில்லையா சிஸ்டர்?" என்றார் மெதுவாக.

"எந்தப் பொண்ணு?"

"சரி சரி" என்று எழுந்தார். "இனிமே நானும் பையைப் பார்க்கல."

மாலை வீடு திரும்பி, மாடிப்படிக்குக் கீழே செருப்பைக் கழற்றும்போதே நாத்தனார் காத்திருந்தாள்.

"அண்ணி, மூணாம் வகுப்பாமே? யாரு அண்ணி அது?"

"உன் பொண்ணுக்குச் சின்னம்மை ஊசி ரெண்டும் போட்டாச்சா, அதைப் பாரு முதல்ல."

"வீட்டு ஆளுக்குக் கூடச் சொல்ல மாட்டீங்களா?"

"வீட்டு ஆளா இருக்கிறதாலதான் ஊசியை ஞாபகப்படுத்தறேன்."

நாத்தனார் முகத்தைத் திருப்பிக்கொண்டு மேலே போனாள். கொஞ்ச நேரத்தில் அலமாரி திறந்து தேடுகிற சத்தம் கேட்டது. கணவர் சுடுதண்ணீரில் உப்புப் போட்டுக் கொண்டுவந்து வைத்தார். சிஸ்டர் கால்களை அதில் விட்டுக்கொண்டு அப்படியே தூங்கிப்போனார்.

வெள்ளிக்கிழமை காலை மணி அடிப்பதற்கு முன் ஆயாவைத் தேடிப் போனார். போன வருடம் பேசாமல் இருந்ததற்கு ஏதாவது சொல்ல வேண்டும் என்று வழியெல்லாம் யோசித்திருந்தார். ஆயா துடைப்பத்தோடு நிமிர்ந்ததும், "இனிமே எந்தப் பையும் நகரக் கூடாது. தலைவலியா இருந்தாலும் சரி, மூக்குல ரத்தமா இருந்தாலும் சரி. எல்லாப் பையும் சாயந்திரம்தான்" என்பது மட்டுமே வாயில் வந்தது.

"அத்தனையும் நான்தான் தூக்கணுமா சிஸ்டர்? என் இடுப்பு என்ன இரும்பா?"

"ரெண்டு பேரும் தூக்குவோம்."

ஆயா அவரை மேலும் கீழும் பார்த்தாள். "உங்க முழங்காலை வச்சுக்கிட்டா?" என்றாள். துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டுத் தன் ஃபிளாஸ்க்கிலிருந்து பாதி டீயை ஊற்றிக் கொடுத்தாள்.

அன்று மூன்று பிள்ளைகள் பாதி நாளில் வீட்டுக்குப் போனார்கள். ஒருத்திக்குப் பல்வலி, ஒருத்தனுக்கு வாந்தி, ஒருத்தனுக்குப் புதுக் கொப்புளம். மூன்று பைகளும் அவரவர் பெஞ்சில் உட்கார்ந்திருந்தன. டீச்சரின் ரத்தப் பரிசோதனை முடிவு திங்கட்கிழமை மதியம் வரும்.