லேசர் அகலம் பார்த்த காலம்

ஒரே நிறத்தில் ஒளிவிடும் லேசரிலும் அந்த நிறத்துக்கு ஒரு சின்ன அகலம் உண்டு. வெளி அதிர்வு, மின்சார இரைச்சல் எல்லாவற்றையும் ஒதுக்கிய பிறகும் அதன் பிறவிக் குணமாக மிஞ்சும் அடிப்படை அகலத்தைக் கணிப்பதுதான் மாத்தளையில் ஏழு வருடம் எனக்குச் சோறு போட்ட தொழில். கண்ணுக்குத் தெரியாததை அளந்து, நம்பாதவர்களிடம் விளக்கிச் சலித்த அன்பர்களுக்கு என் கதை புரியும். அந்த ஏழு வருடம்போல் பிறகு நான் சிரித்ததும் இல்லை, திட்டு வாங்கியதும் இல்லை.

பக்கத்து ஆலை

வேலைக்குச் சேர்ந்த புதிது. ஆய்வுகூடம் என்பது கடைத்தெருவில் ஒரு மாடி அறை. லேசர் ஒளியை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியைப் பல கிலோமீற்றர் கண்ணாடி இழையில் சுற்றவிட்டு, பிந்தி வரும் அதை மற்றப் பாதியோடு சேர்ப்போம். திரையில் ஒரு கூம்பு எழும். அதன் பருமன்தான் கணக்குக்கு ஆதாரம். என் கூம்பு மூன்று நாளாகக் கொழுத்தே இருந்தது. லேசர் மோசம் என்று அறிக்கையும் எழுதிவிட்டேன்.

மூத்தவரான ஃபாரூக் நானா கையெழுத்துப் போடாமல் கீழே இறங்கிப்போனார். பக்கத்தில் ஹாஜியாரின் மிளகாய் ஆலை. பத்து நிமிடம் நிறுத்தச் சொல்லிக் கேட்டிருக்கிறார். சத்தம் அடங்கியது, கூம்பும் மெலிந்தது. மேலே வந்தவர் அறிக்கையை என்னிடமே திருப்பித் தந்தார்.

"நீ அளந்தது லேசரை இல்ல தங்கச்சி, ஹாஜியார்ட மிளகாய."

கழித்தல்

ஒரு நாள் எனக்கு நம்பவே முடியாத அளவு சின்ன அகலம் வந்தது. சந்தோஷத்தில் எல்லாருக்கும் டொபி கொடுத்தேன். ஃபாரூக் நானா டொபியை மென்றபடியே கணக்கைப் பார்த்தார். ஒளியை உணரும் கருவியின் சொந்த இரைச்சலை நான் இரண்டு தடவை கழித்திருந்தேன். அந்த லேசருக்கு இயற்கை விதித்த எல்லைக்கும் கீழே போய்விட்டேன்.

எங்களுக்குத் தேத்தண்ணி போடும் செல்லம்மா அக்கா என்ன பிழை என்று விசாரித்தார். எல்கடுவத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்தவர். நிறுக்கும்போது கூடைக்கும் ஈரத்துக்கும் கழிப்பதைப் பற்றிப் பல வருடம் சண்டை போட்டவர். நான் சொன்னதைக் கேட்டுவிட்டுக் கோப்பையை வைத்தார்.

"கூடையக் கழிங்க, தண்ணியக் கழிங்க, கொழுந்தையும் சேத்துக் கழிச்சிடாதீங்க புள்ள."

முதல் பக்கம்

பல்லேகமப் பக்கம் ஓர் அணைக்கட்டு அசைகிறதா என்று கண்ணாடி இழை வழியாகக் கவனிக்கும் வேலை பொறியியலாளர் ஜோசப் சேருடையது. அதற்கு வாங்கிய லேசரைக் கொண்டுவந்தார். விற்றவர்கள் சொன்ன அடிப்படை அகலம் சரியா என்று மட்டுமே கேட்டார். சரியாகவே இருந்தது. அவர் முகம் மலர்ந்தது.

ஆனால் அந்த லேசரின் நிறம் மெதுவாக அலைந்துகொண்டும் இருந்தது. அடிப்படை அகலத்தில் அந்த அலைச்சல் சேராது. அணை அசைவதும் மெதுவாகத்தான். எது லேசர், எது அணை என்று அவரால் பிரித்தறிய முடியாது. கேட்டதற்கு மட்டும் பதில் எழுதி அனுப்பியிருக்கலாம். அணைக்குக் கீழே வயலும் வீடுமாகச் சனம் இருக்கிறதே என்று மனம் கேட்கவில்லை. இரண்டையும் சொன்னேன். வேறு லேசர் வர மாதக்கணக்காகும். அவர் என் அறிக்கைத் தாள்களை என் பக்கமே தள்ளினார்.

"நீங்க சொல்றது ரெண்டும் உண்மைதான் மிஸ். எனக்குப் பிடிக்காத உண்மைய முதல் பக்கத்துல போடுங்க."

இப்போது அந்த மாடியில் தையல் கடை, நான் பாடசாலையில் பௌதிகவியல் படிப்பிக்கிறேன், அடிமட்டத்தால் மேசையை அளக்கும் பிள்ளைகள் எல்லாருக்கும் ஒரே விடை வந்தால்தான் எனக்குச் சந்தேகம் வருகிறது.