செல்லப்பன் குடித்த ஒரு வாய்

செல்லப்பனுக்கு விக்கிரமங்கலத்துக்குப் பக்கத்தில் இரண்டு ஏக்கர் முந்திரிக்கொல்லை. வயது ஐம்பத்தொன்று. பதினாறு வருடம் குடித்தவர், விட்டு ஒன்றரை வருடம்தான் ஆகிறது. விடுவதற்காகத் திருச்சியில் ஒரு ஆஸ்பத்திரியில் இருபது நாள் கிடந்தார். குடி நின்ற பிதற்றலில், மூன்றாம் நாள் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மனைவி மலர்கொடியின் முகம் முழுக்கக் கறையான் ஊர்வதாக அவருக்குத் தெரிந்தது. தட்டிவிடுகிறேன் என்று அவள் கன்னத்தைக் கீறிவிட்டார். அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறது.

வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் ஒரு மாத்திரை எழுதிக்கொடுத்தார். "இது உடம்புல இருக்கறப்ப ஒரு வாய் சரக்கு போனாக்கூட மூஞ்சி கொதிக்கும், நெஞ்சு படபடக்கும், மூச்சு முட்டும். உசுருக்கே ஆபத்தாயிடலாம். தெரிஞ்சுகிட்டு சாப்பிடுங்க" என்றார். தெரிந்துகொண்டுதான் சாப்பிட்டார். தினமும் காலையில் மலர்கொடி கையில் வைப்பாள். அவள் பார்க்க விழுங்குவார்.

முந்திரியில் கொட்டைக்குத்தான் விலை. கொட்டையைத் திருகி எடுத்ததும் பழம் கொல்லையிலேயே அழுகும். ஜெயங்கொண்டம் போகிற வழியில் ஹேமலதா என்ற பெண் லைசென்ஸ் வாங்கி, அந்தப் பழத்தில் ஒயின் போடும் சின்ன ஆலை ஒன்றைத் தொடங்கியதும் சுற்றுப்பட்டு ஊர்க்காரர்கள் பழத்தை அங்கே போட்டார்கள். செல்லப்பனும் போட்டார். ஆனால் கேட்டிலேயே பெட்டியை இறக்கிவிட்டு மொபெட்டைத் திருப்பிவிடுவார். உள்ளே இருந்து வரும் புளித்த வாடையில் ஒரு நிமிடம்கூட நிற்கமாட்டார்.

மே மாதம் ஒருநாள் ஹேமலதாவே போன் செய்தாள். "ருசி பாக்கறதுக்குன்னு தனியா ஒரு ரூம் கட்டியிருக்கோம்ணே. பழம் குடுத்தவங்கதான் மொதல்ல வந்து பாக்கணும். கட்டாயம் வந்துடுங்க."

சரி என்று சொல்லிவிட்டார். சும்மா உட்கார்ந்துவிட்டு வந்துவிடலாம் என்று நினைத்தார். மலர்கொடியிடம் பழம் போடப் போவதாக மட்டும் சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

புது சுண்ணாம்பு வாசனை போகாத அறை. நீளமான மேசை. சுவரோரம் வரிசையாகப் பாட்டில்கள். எட்டுப்பேர் வந்திருந்தார்கள், அதில் பக்கத்துக் கொல்லைக்காரர் குருமூர்த்தியும் ஒருவர். செல்லப்பன் கதவோரமாக உட்கார்ந்தார். ஒவ்வொருவர் முன்னாலும் இரண்டு கண்ணாடி டம்ளர் வைத்தார்கள். இரண்டிலும் ஒரே வெளிர்மஞ்சள்.

"இடது பக்கம் வெறும் ஜூஸ், வலது பக்கம் ஒயின்" என்றாள் ஹேமலதா. "எனக்கு ஜூஸ் மட்டும் போதும் மேடம்" என்று சொல்லி, வலது டம்ளரைக் கை படாமல் முழங்கையாலேயே தள்ளி வைத்தார் செல்லப்பன். இடது டம்ளரை எடுத்து ஒரு வாய் குடித்தார்.

முந்திரிப்பழத்தைக் கடித்தால் தொண்டை கமறும். இது கமறவில்லை. வழுக்கிக்கொண்டு இறங்கியது. அவர் முகம் மாறியதைக் குருமூர்த்தி பார்த்துவிட்டார்.

"என்ன மாப்ள, டம்ளர் மாறிப்போச்சா? நீ அடிச்சதுதான் சரக்கு!" என்று தொடையைத் தட்டிச் சிரித்தார்.

செல்லப்பனுக்குக் காது அடைத்தது. முகம் கொதித்தது. நெஞ்சு தடதடவென்று அடித்துக்கொண்டது. டாக்டர் சொன்னதெல்லாம் ஒன்றுவிடாமல் நடந்தது. நாற்காலி சாய வெளியே ஓடி, பாட்டில் கழுவும் குழாயடியில் தொண்டைக்குள் விரலை விட்டார். எச்சில்தான் வந்தது. அப்படியே ஈரத்தரையில் உட்கார்ந்துவிட்டார்.

ஹேமலதா ஓடிவந்தாள். "அண்ணே, என்ன செய்யுது?"

"மாத்திரை... நான் மாத்திரை சாப்பிடறேன் மேடம். சரக்கு போனா செத்துடுவேன்."

"அது ஜூஸ்ணே. நானே ஊத்தினேன்."

"கமறலியே!"

"ஜவ்வரிசிக் கஞ்சி ஊத்தித் தெளிய வச்சிருக்கோம், அதனாலதான் கமறல."

அவர் நம்பவில்லை. அவர் உதறுவதைப் பார்க்கப் பார்க்க ஹேமலதாவுக்கே சந்தேகம் வந்தது. ஊற்றியது அவள்தான், ஆனால் மேசையில் அடுக்கியது வேறு ஆள். எதற்கும் இருக்கட்டும் என்று அவரைக் காரில் ஏற்றினாள். பின்சீட்டில் குருமூர்த்தி அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "சும்மா வெளாட்டுக்குச் சொன்னேன்டா, எனக்கு எதுவும் தெரியாதுடா" என்று அழுகிற குரலில் சொல்லிக்கொண்டே வந்தார். செல்லப்பன் ஜன்னல் பக்கமே திரும்பியிருந்தார். எந்தப் புளியமரம் தாண்டும்போது மூச்சு நிற்கும் என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

ஜெயங்கொண்டம் ஆஸ்பத்திரியில் பிரஷர் பார்த்தார்கள், நெஞ்சில் ஒயர் ஒட்டிப் பார்த்தார்கள், சரக்கு போயிருக்கிறதா என்று பார்க்கக் குழாயில் ஊதச் சொன்னார்கள். மூன்று மணி நேரம் படுக்க வைத்தார்கள். "ஒரு சொட்டுக்கூட உள்ள போகல. பயந்திருக்கீங்க, அவ்வளவுதான்" என்றார் அங்கிருந்த பெண் டாக்டர்.

சேதி கேட்டு மலர்கொடி பஸ் ஏறி வந்து சேர்ந்தாள். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். அவரே பேச்சை எடுத்தார்.

"சாவுக்குப் பயந்தேன், அது நெசந்தான். ஆனா குருமூர்த்தி சரக்குன்னு சொன்னதும், அந்தப் பயத்துக்கு நடுவுலயே, நாக்கு இன்னொரு வாய் தேடுச்சு மலரு. ஒன்றரை வருசம் கழிச்சும் தேடுது. அதான் இன்னும் ஒடம்பு உதறுது."

அவள் போர்வையை அவர் தோள்வரை இழுத்துவிட்டாள். "என்கிட்ட சொல்லிட்டுப் போயிருக்கலாம்ல?" என்றாள்.

"சொன்னா நீ பயப்படுவேன்னு..."

"இப்ப மட்டும் என்னவாம்? பஸ்ஸுல வர்ற வழியெல்லாம் என் உசுரு எங்கிட்ட இல்லீங்க."

மறுநாள் ஹேமலதா போன் செய்து, பழத்தை எடுக்க வண்டி அனுப்புவதாகச் சொன்னாள். வேண்டாம், நானே கொண்டுவருகிறேன் என்றார் செல்லப்பன். பெட்டிகளை மொபெட்டில் கட்டிவிட்டு வாசலில் நின்று மலர்கொடியைக் கூப்பிட்டார்.

"தனியாப் போகப் பயமா இருக்கு. நீயும் வா."

அவள் அடுப்பை அணைத்துவிட்டு வந்து, பெட்டிகளுக்கு நடுவே இடம் பண்ணி ஏறி உட்கார்ந்தாள்.