பெயர் சொல்லாத ஜெபக் குறிப்பு

எனக்கு வாய் கொஞ்சம் அதிகம். முப்பது வருடம் ஆரம்ப வகுப்புப் பிள்ளைகளோடு கத்திப் பழகிய வாய், ஓய்வு பெற்ற மறுநாளே அடங்கிவிடும் என்று என் கணவர் நம்பியது அவருடைய தவறு. திருநகரில் எங்கள் சபையில் ஒரு வருட ஆவிக்குரிய பயிற்சி தொடங்குகிறார்கள், பாதியிலிருந்து கிராம ஊழியத்துக்கும் அனுப்புவார்கள் என்று அறிவித்தபோது முதல் ஆளாகப் பெயர் கொடுத்தேன். "ஊர் ஊராப் போய்ப் பேசுற வேலைன்னா ஒனக்குச் சொல்லவா வேணும்" என்று அவர் கேலி செய்தார். நானும் சிரித்தேன்.

பயிற்சியை நடத்தியவர் என் வயதுக்காரர்தான். வங்கி வேலையிலிருந்து விருப்ப ஓய்வு வாங்கியவர், தனியாக இருப்பவர், அதிகம் பேசமாட்டார். தினமும் அதிகாலையில் ஒரு வேதப் பகுதியை மூன்று தடவை மெதுவாகப் படிக்க வேண்டும், அது நம்மைப் பற்றி என்ன சொல்கிறது என்று நோட்டில் எழுத வேண்டும் என்றார். இது இன்னாருக்குப் பொருந்துமே என்று அடுத்தவரைப் பற்றி எழுதக்கூடாது என்பது மட்டும் விதி. மற்றவர்கள் அரைப் பக்கத்துக்குத் திணறிக்கொண்டிருந்தபோது நான் மூன்று மாதத்தில் இரண்டு நோட்டுகளை முடித்திருந்தேன். இப்போது எடுத்துப் பார்த்தால் முக்கால்வாசி என் மருமகளுக்கான புத்திமதி.

அவர் அதை வாங்கிப் படித்துவிட்டு, "இதுல நீங்க எங்க இருக்கீங்க?" என்று கேட்டார். எனக்குச் சுருக்கென்றது. ஊழியத்துக்குப் போகிறவர்களுக்கு இந்த நோட்டு எழுதும் வேலையெல்லாம் எதற்கு, நேராகப் போய் ஜனங்களைப் பார்த்தால் ஆகாதா என்று திருப்பிக் கேட்டேன். "போகலாம். நாம எப்படி இருக்கோமோ அதைத்தான் அங்க கொண்டுபோய்க் கொடுப்போம்" என்று சொல்லி நோட்டைத் திருப்பித் தந்தார். நல்லதுதானே, நான் நன்றாகத்தானே இருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டேன்.

ஆறு மாதம் கழித்து சனிக்கிழமை தோறும் கிளம்பினோம். எனக்கு வாய்த்தது சமயநல்லூரில் இறங்கி உள்ளே நடக்க வேண்டிய ஒரு ஊர். முதல் நாள் சுவிசேஷக் கைப்பிரதிக் கட்டோடு போய், தெருக்கோடியில் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்த ஒரு பெண்ணிடம் ஒன்றை நீட்டினேன். அவர் கையைச் சேலையில் துடைத்துவிட்டு வாங்கி, இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார். "நமக்கு எழுத்து வராது டீச்சர். இம்புட்டு வெயில்ல வந்திருக்கீக, உக்காந்து மோரு குடிங்க" என்றார். நான் டீச்சர் என்று என் நெற்றியில் எழுதி ஒட்டியிருந்தது போலிருக்கிறது.

அடுத்த வாரம் கைப்பிரதி கொண்டுபோகவில்லை. அவரை அக்கா என்று கூப்பிட ஆரம்பித்திருந்தேன். இரண்டு பசு, கொஞ்சம் நிலம், அதிகம் வீட்டில் தங்காத கணவர். மூத்த மகள் இறந்து நான்கு வருடம் ஆகியிருந்தது. இளையவள் பி.காம் முடித்துவிட்டு மதுரையில் ஒரு கடையில் பில் போடும் வேலையில் இருந்தாள். அவளுக்குத் திருமங்கலத்தில் ஒரு மாப்பிள்ளை பேசி முடித்திருந்தார்கள், தை பிறந்ததும் கல்யாணம். அந்த அக்காவின் வாழ்க்கையில் மிச்சமிருந்த ஒரே சந்தோஷம் அந்தக் கல்யாணம்தான் என்பது அவர் பாத்திரங்களைப் பற்றிப் பேசும்போதே தெரியும். குத்துவிளக்கு இன்ன உயரம், அண்டா இன்ன அளவு என்று கையை விரித்துக் காட்டுவார்.

நான் பிரசங்கம் செய்யவில்லை, அதைச் சத்தியமாகச் சொல்வேன். பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். வாழ்க்கையில் முதல்முறையாக ஒருவர் பேசி முடிக்கும்வரை காத்திருக்கக் கற்றுக்கொண்டேன் என்று எனக்கே என்னைப் பற்றிப் பெருமை. நோட்டில் அதை எழுதிக்கூட வைத்திருந்தேன்.

ஒரு சனிக்கிழமை மத்தியானம், வீட்டில் வேறு யாரும் இல்லாதபோது, மூத்த மகள் எப்படிச் செத்தாள் என்று அவர் என்னிடம் சொன்னார். ஊருக்குச் சொல்லியிருந்தது ஒன்று, நடந்தது வேறொன்று. அது என்ன என்று இங்கே எழுதமாட்டேன். ஒரு தடவை நான் சொன்னது போதும். சொல்லி முடித்துவிட்டு, "இது இவ அப்பாவுக்கும் எனக்குந்தான் தெரியும் டீச்சர். சின்னவளுக்குக்கூடத் தெரியாது" என்றார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். இரண்டு பேரும் அழுதோம். ஜெபம் பண்ணட்டுமா என்று கேட்டேன், தலையை ஆட்டினார். யாரிடமும் சொல்லாதீர்கள் என்று அவர் சொல்லவில்லை. அதைச் சொல்லித்தான் ஆக வேண்டும் என்று அவருக்குத் தோன்றியிருக்காது.

எங்கள் வட்டத்தில் ஜெபக் குறிப்பு என்று ஒன்று உண்டு. வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்தில் ஒவ்வொருவரும் ஒரு பாரத்தைச் சொல்வார்கள், எல்லோரும் சேர்ந்து அதற்காக ஜெபிப்போம். அடுத்த வீட்டு விஷயத்தைக் கிணற்றடியில் பேசினால் புறணி. அதையே கண்ணை மூடிக்கொண்டு பேசினால் பாரம். யாருக்கும் அது தப்பாகப் படுவதில்லை, பெயரைச் சொல்லாமல் விட்டால் போதும் என்பது எங்கள் ஒழுங்கு.

அந்த வெள்ளிக்கிழமை நான் பெயரைச் சொல்லவில்லை. சமயநல்லூருக்கு உள்ளே ஒரு ஊர், தெருக்கோடி வீடு, மாடு வைத்திருக்கிற ஒரு சகோதரி என்றேன். மூத்த மகளுக்கு நடந்ததைச் சொன்னேன். இளைய மகளுக்குத் திருமங்கலத்தில் சம்பந்தம், தையில் கல்யாணம், அது தடையில்லாமல் நடக்க ஜெபியுங்கள் என்றேன். என் குரல் தழுதழுத்தது. அறையில் அழாதவர்கள் இல்லை. முடிந்ததும் ஒருத்தி என்னைக் கட்டிக்கொண்டு, "ஆத்துமாக்கள் மேல ஒங்களுக்கு இருக்கிற பாரம் யாருக்குமே இல்ல" என்றாள். எனக்கு அது பிடித்திருந்தது. இதை எழுதும்போது கை கூசுகிறது, ஆனாலும் அன்றைக்கு ரொம்பப் பிடித்திருந்தது. வீட்டுக்குப் போனதும், வராதவர்களும் ஜெபிக்கட்டும் என்று அத்தனையையும் வாட்ஸ்அப் குழுவில் தட்டினேன். கடைசியில் வழக்கம்போல் "எல்லா மகிமையும் அவருக்கே" என்று போட்டு மூன்று கும்பிடும் கைகள் வைத்தேன்.

அதற்குப் பிறகு நடந்ததில் கெட்ட எண்ணம் யாருக்கும் கிடையாது. எங்கள் குழுவில் ஒருத்தி தன் அக்காவின் சபைக்கு அனுப்பினாள், ஜெபிக்கத்தான். அவளுடைய அக்கா திருமங்கலத்தில் தன்னோடு வேலை பார்க்கிற ஒரு பெண்ணுக்கு அனுப்பினார், அவளும் ஜெபிக்கட்டும் என்றுதான். அந்தப் பெண்ணின் வீட்டுக்கு நேர் எதிர்வீடு மாப்பிள்ளை வீடு. பாவம் அந்தப் பிள்ளை, வருகிற இடத்திலாவது நன்றாக வைத்துக்கொள்ளுங்கள் என்று அவள் போய்ச் சொல்லியிருக்கிறாள். நல்ல மனதோடுதான் சொல்லியிருக்கிறாள். இதெல்லாம் பிறகு நான் ஒவ்வொருவராகப் பிடித்து விசாரித்துத் தெரிந்துகொண்டது.

மூன்று வாரம் கழித்து ஒரு சனிக்கிழமை நான் போனபோது மாடுகளுக்கு யாரும் தீவனம் வைத்திருக்கவில்லை, கத்திக்கொண்டு நின்றன. இளையவள் வேலைக்குப் போகாமல் வீட்டில் இருந்தாள். வாங்க என்று சொல்லவில்லை. போனை என் முகத்துக்கு நேராக நீட்டினாள். பலமுறை அனுப்பப்பட்டது என்ற அடையாளத்தோடு என் செய்தி அதில் இருந்தது. மூன்று கும்பிடும் கைகளும் இருந்தன.

"இது நீங்க எழுதுனதா டீச்சர்?"

ஆமாம் என்று தலையை ஆட்டினேன்.

"மாப்பிள்ள வீட்டுல வேற எடம் பாத்துக்கிறோம்னுட்டாங்க. அது போகட்டும். எங்க அக்கா எப்பிடிச் செத்தான்னு நான் இதுல படிச்சுத்தான் தெரிஞ்சுக்கிட்டேன். அம்மா சொல்லி இல்ல." அவள் சத்தம் போடவில்லை. போனை அணைத்துவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அந்த அக்கா அடுப்படி வாசலில் உட்கார்ந்திருந்தார். நான் அவர் முன்னால் தரையில் உட்கார்ந்து ஏதேதோ சொன்னேன். பெயர் சொல்லவில்லை என்றேன். நல்லதுக்குத்தான் சொன்னேன் என்றேன். அந்த நேரத்திலும் எனக்காக வாதாடிக்கொண்டிருந்தேன். அவர் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, "ஒங்க சாமிகிட்டதான சொன்னீக, அன்னைக்குக் கண்ண மூடி? அதோட முடிஞ்சதுன்னு நெனச்சேன்" என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். புரியாததைக் கேட்கிற மாதிரிதான் கேட்டார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் எங்கே இறங்கினேன், எப்படி மாறினேன் என்று நினைவில்லை. வீட்டில் என் முகத்தைப் பார்த்துவிட்டு என் கணவர் எதுவும் கேலி செய்யவில்லை. செய்தியை அழித்தேன். என் போனில் அழிந்தது.

பயிற்சி நடத்தியவரிடம் போய், என்னை எடுத்துவிடுங்கள், எனக்கு ஊழியத்துக்குத் தகுதியில்லை என்று அழுதேன். அவர் தேற்றுவார் என்று எதிர்பார்த்தேன் போலிருக்கிறது. அவர் தேற்றவில்லை. "நானும் அந்த ரூம்ல இருந்தேன். நீங்க சொன்னப்ப நானும் அழுதேன், ஆமென் சொன்னேன். நிறுத்துங்கன்னு எனக்குத் தோணல" என்றார். அடுத்த வெள்ளிக்கிழமை அவர் எல்லோர் முன்னாலும் இதையே சொன்னார். அன்றிலிருந்து எங்கள் ஜெபத்தில் அடுத்தவர் விஷயத்தை அவரவர் அனுமதி இல்லாமல் யாரும் சொல்வதில்லை. சிலருக்கு அது பிடிக்காமல் வேறு குழுவுக்குப் போய்விட்டார்கள்.

இதை எழுதச் சொன்னதும் அவர்தான், இனிமேல் ஊழியத்துக்குப் போகிறவர்கள் படிக்கட்டும் என்று. மாட்டேன் என்று இரண்டு தடவை சொன்னேன். கடைசியில், அடையாளம் தெரியாதபடி எழுதுகிறேன் என்று ஒப்புக்கொண்டேன். அதனால் இங்கே நான் சொல்லியிருக்கும் மாடு மாடாக இல்லாமலும் இருக்கலாம், அந்த ஊர் வேறு திசையிலும் இருக்கலாம். பாடம் கற்றுக்கொண்டேன் என்று எழுத ஆசைதான். ஒரு பெண்ணின் கல்யாணத்தை விலையாக வைத்து நான் கற்றுக்கொண்டதற்கு யார் நன்றி சொல்லப்போகிறார்கள் என்று எனக்கு என் மேலேயே எரிச்சல் வருகிறது.

கல்யாணம் நின்று இரண்டு மாதம் கழித்து இன்னொரு தடவை போனேன். என் மனம் லேசாக வேண்டும் என்பதற்காகப் போகாதீர்கள் என்று பயிற்சி நடத்தியவர் சொல்லியிருந்தார். நான் கேட்கவில்லை. அந்த அக்கா என்னை விரட்டவில்லை. வெளியில் ஒரு நாற்காலி எடுத்துப் போட்டார். தண்ணீர் கொடுத்தார். சின்னவளை அவள் அத்தை வீட்டுக்கு அனுப்பிவிட்டதாகவும், தாயோடு பேசுவதில்லை என்றும் சொன்னார். வாங்கி வைத்த பாத்திரங்களைப் பாதி விலைக்குக் கடையிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டாராம். நான் மன்னிப்புக் கேட்டேன். சரி சரி என்று தலையை ஆட்டினார், பிள்ளைகள் விழுந்து எழுந்தால் சொல்கிற மாதிரி.

நான் எழுந்தபோது, "டீச்சர்" என்று கூப்பிட்டார்.

"எனக்காகப் பிரேயர் பண்றீகளா இன்னும்?"

"தெனமும் பண்றேன்க்கா" என்றேன். அது உண்மைதான். அதைக் கேட்டு அவர் மனம் கொஞ்சம் இளகும் என்று நினைத்தேன்.

"வேணாம். எங்களுக்காக எதுவும் பண்ணாதீக. மனசுக்குள்ளகூட வேணாம். எம் மக பேரு அங்கயும் போக வேணாம். அம்புட்டுத்தான் ஒங்ககிட்டக் கேக்குறேன்."

சரிக்கா என்று சொல்லிவிட்டு வந்தேன்.

எத்தனையோ சனிக்கிழமைகள் அவர் வீட்டுக்குப் போய், உங்களுக்கு நான் என்ன செய்யட்டும் என்று கேட்டிருக்கிறேன். ஒன்றும் வேண்டாம் டீச்சர் என்றுதான் சொல்வார். அவர் என்னிடம் வாய்விட்டுக் கேட்டது இது ஒன்றைத்தான். அதனால் அதைச் செய்துகொண்டிருக்கிறேன். காலையில் முழங்கால் போட்டதும் என் பிள்ளைகள், பேரன், சபை, தெரு என்று வரிசையாக எல்லோரும் வருவார்கள். அந்த அக்கா வீட்டார் முறை வரும்போது நிறுத்திக்கொள்கிறேன். அந்தக் குடும்பத்தை நீர் பார்த்துக்கொள்ளும் என்று ஒரே ஒரு வார்த்தை சொல்லலாமா என்று இருக்கும். அதுவும் ஜெபம்தானே. சொல்லாமல் எழுந்துவிடுகிறேன்.