அத்தைக்கு ஒரு பன்னிரண்டு வோல்ட் டிவி

என் மனைவியின் அண்ணி முப்பது வருடம் லிஃப்ட் மெக்கானிக்காக வேலை பார்த்தவர். நான் அவரை அக்கா என்று கூப்பிடுவேன். அவரைப் பற்றி எழுதுவதற்கு முன் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். பல வருடம் அவரைக் கண்டாலே எனக்கு எரிச்சல். "முடியாது" என்று யாராவது சொல்லிவிட்டால் போதும், அவருக்கு அன்றைக்குச் சாப்பாடு இறங்காது. முடியும் என்று காட்டிவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பார். நானோ வருகிற விண்ணப்பங்களில் "இயலாது" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டே சம்பளம் வாங்குகிறவன். எங்களுக்குள் எப்படி ஒத்துப்போகும்?

வேலைக்குச் சேர்ந்த புதிதில், பெண்களை லிஃப்ட் கூண்டுக்கு மேல் ஏற விடமாட்டேன் என்று மேனேஜர் ஒருவர் ஒற்றைக் காலில் நின்றாராம். அக்காவுக்கு உதிரிபாகம் எண்ணும் வேலை கொடுத்து உட்காரவைத்தார். ஒருநாள் அந்த மேனேஜரே நாலாவது மாடிக்கும் அஞ்சாவது மாடிக்கும் நடுவில் மாட்டிக்கொண்டார். மற்ற மெக்கானிக்குகள் எல்லாம் வெளியே போயிருந்தார்கள். அக்கா அஞ்சாவது மாடிக் கதவைத் திறந்து கீழே எட்டிப் பார்த்து, "சார், பொம்பளை இறக்கலாமா, இல்ல ஆம்பளை யாராவது வர்ற வரைக்கும் அப்படியே இருக்கீங்களா?" என்று கேட்டிருக்கிறார். மறுநாளிலிருந்து உதிரிபாகங்களை வேறு யாரோ எண்ணினார்கள்.

அக்காவின் கணவர், அதாவது என் மச்சான், விடுமுறை நாள் எல்லாம் ஒரு பழைய பாய்மரப் படகோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தவர். எட்டு மீட்டர் நீளம். உள்ளே இரண்டு பேர் படுக்கலாம், மூன்று பேர் நின்றால் ஒருவர் மூச்சை இழுத்துப் பிடிக்க வேண்டும். மச்சான் இரண்டு வருடத்துக்கு முன் மாரடைப்பில் போய்விட்டார். படகை விற்றுவிடச் சொல்லி எல்லோரும் சொன்னோம். எல்லோரும் சொன்னதுதான் தப்பு. அக்கா வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டு அந்தப் படகிலேயே குடியேறிவிட்டார்.

அதுவரை அவர்களோடு இருந்த என் மாமியார் எங்களோடு ஒன்பதாவது மாடி வீட்டுக்கு வந்தார். அக்காவுக்கும் எனக்கும் அவர் அத்தைதான். ஆறு மாதம் இருந்தார். பிறகு ஒரு காலையில் பையை எடுத்துக்கொண்டு, "நான் அவ கூட இருக்கப் போறேன்" என்று கிளம்பிவிட்டார். எழுபத்து நாலு வயதில், மகள் வீட்டை விட்டு மருமகளோடு, அதுவும் தண்ணீர் மேல். என் மனைவிக்கு வந்த கோபத்தைச் சொல்லி மாளாது. தெரிந்தவர்கள் கேட்டால் என்ன பதில் சொல்வது என்று இரண்டு நாள் புலம்பினாள்.

மூன்றாவது நாள் அவளுக்கு ஒரு யோசனை வந்தது. அத்தைக்கு ஒரு சீரியல் உண்டு. தினமும் மாலை ஆறரைக்கு வரும். ஒரு மாமியாரும் மருமகளும் ஒரே வீட்டில் நாலு வருடமாக ஒருவர் குடியை ஒருவர் கெடுத்துக்கொண்டிருக்கும் கதை. படகிலோ டிவி கிடையாது. என் மனைவி என்னைக் கடைக்கு இழுத்துக்கொண்டு போய் ஐம்பத்தைந்து அங்குல டிவி ஒன்றை வாங்கி ஹாலில் மாட்டினாள். அத்தைக்குப் போன் போட்டு, "மூஞ்சி எல்லாம் நேர்ல பார்க்கற மாதிரி தெரியுதும்மா" என்றாள்.

அத்தை வந்தார். சீரியல் முடியும்போது இருட்டிவிடும். இருட்டில், கரையிலிருந்து பாய்மரப் படகுக்குப் போகிற சின்னத் துடுப்புப் படகில் ஏறி இறங்க வேண்டாம் என்று என் மனைவி இருக்க வைத்துவிடுவாள். திங்கட்கிழமை வந்தவர் வெள்ளிக்கிழமைதான் திரும்புவார். இப்படியே இழுத்தால் இரண்டே மாதத்தில் அம்மா இங்கேயே தங்கிவிடுவாள் என்பது அவள் கணக்கு. நான் கூட்டாளி.

அக்காவுக்கு இது புரியாமல் இருக்குமா? ஒரு சனிக்கிழமை எனக்குப் போன் செய்தார். "தம்பி, நீங்க டிவி வாங்கின கடை எங்க இருக்கு? நானும் ஒண்ணு வாங்கணும்."

"படகுல டிவி எல்லாம் முடியாதுக்கா" என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

கடையில் நடந்ததை நான் கண்ணால் பார்த்தேன். விற்பனையாளர் நாற்பத்து மூன்று அங்குலத்தைத் தடவிக் காட்டிக்கொண்டிருந்தார். அக்கா அளவு நாடாவை நீட்டி, "என் சுவரே அறுபது சென்டிமீட்டர்தான்" என்றார். பிறகு ஒவ்வொரு டிவியாகத் திருப்பச் சொன்னார். முன்பக்கம் என்ன படம் ஓடுகிறது என்று அவர் பார்க்கவே இல்லை. பின்பக்கம் ஒட்டியிருக்கும் சீட்டைக் கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தார். எத்தனை வாட் என்று கேட்டார். அவரோ எத்தனை ஆப் இருக்கிறது என்று சொன்னார்.

படகு கரையோடு கட்டியிருக்கவில்லை. இருநூறு மீட்டர் தள்ளி ஒரு மிதவையில் கட்டியிருந்தது. கரையிலிருந்து கரன்ட் இழுக்க வழியில்லை. இருந்ததெல்லாம் கூரை மேல் ஒரு சோலார் தகடு, கீழே மச்சான் வாங்கிப் போட்ட எட்டு வயதுப் பேட்டரி ஒன்று. நான் என் பங்குக்கு, "ஒரு இன்வெர்ட்டர் வாங்கிட்டா எந்த டிவி வேணும்னாலும் ஓடுமே" என்றேன்.

"பேட்டரி பன்னிரண்டு வோல்ட். இன்வெர்ட்டர் அதை இருநூத்து முப்பதா ஏத்தும். டிவியோட அடாப்டர் அதை மறுபடி பன்னிரண்டா இறக்கும். ரெண்டாவது மாடியில இருக்கறவன் ரெண்டாவது மாடிக்கே போறதுக்கு இருபதாவது மாடி வரைக்கும் ஏறி இறங்கணுமா தம்பி? வழி எல்லாம் சூடாத்தான் வீணாப் போகும்."

கடைசியில் மூலையில் தூசி படிந்து கிடந்த இருபத்திரண்டு அங்குல டிவி ஒன்று. தனி அடாப்டர். சீட்டில் பன்னிரண்டு வோல்ட், இரண்டு ஆம்பியர் என்று போட்டிருந்தது. அடாப்டரை வெட்டி எறிந்துவிட்டு நேரே பேட்டரியில் கொடுக்கப் போகிறேன் என்று அக்கா சொன்னதும் விற்பனையாளர் பதறினார். "மேடம், வாரன்டி போயிடும்."

"போகட்டும். நான் இருக்கேன்."

நேரே கொடுப்பதிலும் ஒரு சிக்கல் இருந்தது. வெயிலில் சார்ஜ் ஏறும்போது பேட்டரி பதினாலு வோல்ட்டைத் தாண்டும், டிவி கருகிவிடும். அதற்கு நடுவில் பன்னிரண்டிலேயே பிடித்து நிறுத்துகிற ஒரு சின்னப் பெட்டியை வைத்தார். தடிமனான ஒயர், தனி ஃபியூஸ். எல்லாம் முடித்து கேபினின் பின்சுவரில் டிவியை மாட்டினார். அன்றைக்கு வடக்கு இடம் மாறியது. சுவருக்கு அந்தப் பக்கம்தான் படகு ஓட்டும்போது பார்க்கிற திசைகாட்டி இருந்தது. டிவி ஸ்பீக்கரின் காந்தம் முள்ளைப் பதினைந்து டிகிரி இழுத்துவிட்டது. "அத்தை, உங்க சீரியல் வடக்கையே நகர்த்திடுச்சு" என்று அக்கா சொல்ல, "அந்த மாமியார்காரி எதையும் விட மாட்டா" என்று அத்தை சொன்னாராம். டிவி முன்சுவருக்குப் போனது.

அடுத்தது ஆன்டெனா. முதலில் மாட்டியது ஒரு பக்கம் பார்த்து நிற்கிற வகை. காற்று திரும்பினால் படகு மிதவையைச் சுற்றித் திரும்பும், படம் போய்விடும். சீரியலில் மருமகள் கையை ஓங்கியபோது படம் உறைந்து, அடி விழுந்ததா இல்லையா என்று தெரியாமல் அத்தை தவித்த கதை எங்கள் வீடு வரை வந்தது. எல்லாப் பக்கமும் வாங்குகிற வட்டத் தட்டு ஒன்றைப் பாய்மர உச்சியில் வைக்க வேண்டும் என்று அக்கா முடிவு செய்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னைக் கூப்பிட்டுக் கயிற்றைப் பிடிக்கச் சொன்னார். ஐம்பத்தெட்டு வயது. லிஃப்ட் வேலையின் பழைய இடுப்பு வாரை மாட்டிக்கொண்டு நின்றார்.

"யாராவது ஆள் வச்சுப் பண்ணக் கூடாதாக்கா?"

"நான்தான் ஆள்" என்று ஏறிப் போனார். கீழே நான் கயிற்றை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அண்ணாந்து பார்த்தேன். இந்தப் பெண்மணி மேல் எனக்கு இருந்த எரிச்சல் அன்றைக்குப் பாதி இறங்கியது. மரியாதை வந்தது என்று சொல்ல என் தன்மானம் இடம் தரவில்லை.

அத்தை எங்கள் வீட்டுக்கு வருவது நின்றது. ஒரு வாரம், இரண்டு வாரம். ஹாலில் அந்தப் பெரிய டிவி சும்மா தொங்கியது. என் மனைவி பொறுத்துப் பார்த்தாள். பிறகு நாலு நாள் தொடர்ந்து வானம் மூடிக் கிடந்த ஒரு வாரத்தில், வியாழக்கிழமை சாயங்காலம், "வாங்க, போய்ப் பார்த்துட்டு வரலாம்" என்றாள். எதற்கு மேகம் பார்த்துக் கிளம்புகிறாள் என்று எனக்குத் தெரியும். நாலு நாளாகச் சோலார் தகட்டில் வெயில் படவில்லை.

கேபினில் நாங்கள் நாலு பேரும் முட்டியோடு முட்டி இடித்துக்கொண்டு உட்கார்ந்தோம். அக்கா ஃபிரிட்ஜை அணைத்திருந்தார், விளக்குகளை அணைத்திருந்தார், டிவியின் வெளிச்சத்தைப் பாதிக்கு மேல் குறைத்திருந்தார். மிச்சம் பிடித்ததெல்லாம் அந்த அரை மணி நேரத்துக்காக. என் மனைவி சுற்றிப் பார்த்தாள்.

"அண்ணி, ஒரு சீரியல் பார்க்கறதுக்கு இருட்டுல உக்காரணுமா? எங்கம்மாவுக்கு இது தலையெழுத்தா?"

"டிவி இருட்டுல நல்லாத் தெரியும்."

"சரி, ஒண்ணு சொல்றேன். இன்னிக்கு எபிசோடு முடியறதுக்குள்ள இது நின்னா, அம்மா என் கூட வரட்டும். அப்புறம் நீங்க தடுக்கக் கூடாது."

வேண்டாம் என்று சொல்லுங்கள் அக்கா என்று மனதுக்குள் கெஞ்சினேன். பேட்டரி எந்த லட்சணத்தில் இருக்கிறது என்று அவருக்குத் தெரியாதா? ஆனால் சவால் என்று வந்துவிட்டால் அக்காவால் வாயை மூட முடியாது. "சரி" என்றார்.

சீரியல் தொடங்கியது. அக்கா டிவியைப் பார்க்கவில்லை. சுவரில் இருந்த வோல்ட் மீட்டரையே பார்த்துக்கொண்டிருந்தார். என் மனைவி அக்காவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அத்தை சால்வையைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். முதல் விளம்பரம் தாண்டியது. இரண்டாவது விளம்பரமும் தாண்டியது. இன்னும் ஏழெட்டு நிமிடம் இருக்கும்போது டிவி பட்டென்று நின்றது.

பிறகு என் மனைவி மெதுவாக, "கிளம்பும்மா" என்றாள்.

அக்கா மண்டி போட்டு ஃபியூஸைக் கழற்றிப் பார்த்தார், திரும்ப மாட்டினார். ஒயரைத் தொட்டுப் பார்த்தார். மீட்டரில் முள் பன்னிரண்டுக்குக் கொஞ்சம் மேலேயே நின்றது. அவர் நிமிர்ந்து டிவியைப் பார்த்தார். அதன் அடியில் ஒரு சின்னச் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. கரன்ட் இல்லாமல் அது எரியாது. அக்கா திரும்பி அத்தையைப் பார்த்தார்.

அத்தை சால்வைக்குள்ளிருந்து ரிமோட்டை எடுத்து மடியில் வைத்தார். "நான்தான் நிறுத்தினேன்."

"அம்மா!" என்றாள் என் மனைவி.

"நீ வாயை மூடு. நீயும் வாயை மூடு" என்றார் அக்காவைப் பார்த்து. "ஒருத்தி அங்க வான்னு டிவி வாங்கி மாட்டுறா. இன்னொருத்தி இங்க இருன்னு டிவி வாங்கி மாட்டுறா. இப்ப பேட்டரி நின்னா அங்க, ஓடினா இங்கன்னு ரெண்டு பேரும் பேசி முடிச்சிட்டீங்க. பால் கிண்ணத்தைக் காட்டினா பின்னாலயே வர நான் என்ன பூனையா? என்னை யாரு கேட்டீங்க?"

நான் என் செருப்பைப் பார்த்தேன். அந்தப் பெரிய டிவியைச் சுமந்து வந்தவன் நான்தானே.

"உன் வீட்ல அஞ்சு சீரியல் பார்த்தேன்டீ" என்று மகளிடம் சொன்னார். குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது. "புடிச்சா பார்த்தேன்? பகல் முழுக்க வீட்ல வேற சத்தமே இல்லை. எல்லாரும் நல்லவங்க. ரிமோட்டைக் கையில குடுத்துட்டுப் போயிடுவீங்க. இங்க இவ படகுப் பாயை இழுக்கறப்ப என் மேல கத்துறா. கயிறைத் தப்பாப் புடிச்சேன்னு நேத்து அரை மணி நேரம் சண்டை. அதான் எனக்கு வேணும்."

என் மனைவியின் கண் நிறைந்துவிட்டது. அக்கா இன்னும் மண்டி போட்டபடியே இருந்தார். யாரிடமும் எதையும் கேட்டுப் பழக்கமில்லாத மனுஷி. வேலையையும் கேட்டு வாங்கியதில்லை, மச்சான் செத்தபோது தோளையும் கேட்டு வாங்கியதில்லை.

"என் கூட இருக்கீங்களா அத்தை?"

"இருக்கேன்."

"கத்துவேன்."

"கத்து. நானும் கத்துவேன்." அத்தை ரிமோட்டை எடுத்து டிவியைப் போட்டார். "மிச்சத்தைப் பார்க்க கரன்ட் இருக்கா இல்லையா?"

"இருக்கு அத்தை."

கடைசிக் காட்சியை நாலு பேரும் பார்த்தோம். எனக்கு ஒன்றும் புரியவில்லை. பிறகு கரையில் இரவல் வாங்கி வந்திருந்த சின்னத் துடுப்புப் படகில் நானும் என் மனைவியும் கரைக்குத் திரும்பினோம். நான் துடுப்புப் போட்ட லட்சணத்தில் படகு ஒரு சுற்றுச் சுற்றியது. அவள் திட்டவில்லை. பாதி தூரத்தில் மூக்கை உறிஞ்சினாள்.

"நம்ம வீட்ல அம்மா கூட யாருமே சண்டை போட்டதில்ல, இல்ல?"

"இல்ல."

"அடுத்த ஞாயித்துக்கிழமை வருவேன். அவங்க ரெண்டு பேர் கூடவும் போடுவேன். யாரு தடுக்கறாங்கன்னு பார்க்கறேன்."

"போடு" என்றேன். அவள் என் கையிலிருந்து ஒரு துடுப்பைப் பிடுங்கிக்கொண்டாள்.