இருபது புளியங்கொட்டை

பிறான்மலையில் ஏறிக்கொண்டிருக்கிறேன். பின்னால் வரும் நண்பன் செல்வத்தின் வாயில் ‘கடுக்’ என்று சத்தம். கடலைமிட்டாய்தான் தின்கிறான். ஆனாலும் மலையில் அந்தச் சத்தம் கேட்டால் எனக்குச் சந்தேகம் வந்துவிடும்.

ஒன்பது வயதில் இதே பாதையில் மாமாவோடு ஏறினேன். உச்சியைப் பார்த்தே தீருவேன் என்று ஒரு வாரம் அழுது வாங்கிய பயணம். மாமாவுக்கோ மலை என்றாலே கால் வலிக்கும். வழி நெடுக நான் நச்சரிக்கக் கூடாதென்று, திருப்பத்துக்கு ஒன்றாகப் போட இருபது புளியங்கொட்டையை அம்மா எண்ணித் துணியில் முடிந்து கொடுத்தது; கொட்டை தீர்ந்தால் உச்சி. வறுத்த கொட்டையைக் கொடுத்ததுதான் தப்பு.

முடிச்சு மாமாவின் மடியில். பின்னாலிருந்து அடிக்கடி ‘கடுக்’. திரும்பினால் வாயை மூடிக்கொண்டு வானத்தைப் பார்ப்பார். பன்னிரண்டாவது திருப்பத்தில் துணியை உதறினார்.

“கொட்டை தீந்துபோச்சு மாப்ள. இதுதான் உச்சி, இறங்குவோம்.”

“உச்சி அங்குட்டு மேல தெரியுது. பொய் சொல்றீக. வாயத் தொறங்க மாமா.”

“பல்லு வலிடா.”

“பல்லு வலிச்சா வறுத்த வாசம் வருமா?”

“அஞ்சுதான்டா தின்னேன்.”

தண்டனையாக உச்சிவரை என்னைத் தோளில் சுமந்தார். வழியெல்லாம் ஒரே கேள்வி.

“எட்டுக் கொறையுது. நான் தின்னது அஞ்சு. மிச்சம் மூணு எங்கடா?”

“அம்மா தப்பா எண்ணிருக்கும்.”

கிளம்புவதற்கு முந்தின இரவு முழுக்க முடிச்சு என் தலைமாட்டில் இருந்தது மாமாவுக்குத் தெரியாது.

இப்போது பின்னால் செல்வம் நின்றுவிட்டான்.

“டேய், கடலைமிட்டாயில ரெண்டு கொறையுது.”

“கடைக்காரரு தப்பா எண்ணிருப்பாரு” என்றேன், வாயை அதிகம் திறக்காமல்.